முப்பத்திரண்டாவது சத்தம்

கருங்காலூரில் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லும் பெட்டி இருநூற்றுப் பதினோராவது நாளாகப் பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி, அடுப்படிச் சுவரில். சோப்பு டப்பா அளவுதான், ஆனால் வாய் பெரிது. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் ஆரம்பித்துவிடும்: “அன்பார்ந்த பொதுமக்களே, இன்று உங்கள் தெருக் குடிநீரில் மாசு கலந்துள்ளது. நீரை நன்கு காய்ச்சி, வெதுவெதுப்பாகப் பருகவும்.” முதல் வாரம் ஊரே பயந்துபோய்க் காய்ச்சியது. இரண்டாம் மாதம் சலித்துக்கொண்டே காய்ச்சியது. இப்போது நகராட்சியை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டிக்கொண்டே காய்ச்சுகிறது. சிலர் பெட்டியைக் கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார்கள். அது டிரம்முக்குள்ளிருந்தும் பேசியது.

ஊருக்கு அடியில் ஓடுகிற வார்ப்பிரும்புக் குழாய்களுக்கு நூற்றுப்பத்து வயது. துருவேறி, இற்றுப்போய், பக்கத்தில் ஓடும் சாக்கடையோடு சம்பந்தம் பேசி முடித்து ரொம்ப நாளாயிற்று. மாற்ற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாற்றுவதென்றால் ஊரையே தோண்ட வேண்டும். தோண்ட மனமில்லாத நகராட்சி அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தது. இரண்டு வருடத்துக்கு முன் குழாய்களுக்குக் காது வைத்தது. பெட்டி அதற்கப்புறம் வந்தது.

காது என்றால் பட்டாணி அளவில் ஒரு கருவி. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றிலும் ஒன்று. இரும்பில் சத்தம் நன்றாக ஓடும். எந்த இடத்தில் விரிசல், எந்த நேரத்தில் சாக்கடை உள்ளே நுழைகிறது என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே ஓர் இயந்திரம் கண்டுபிடித்து, அந்தந்தத் தெருப் பெட்டிகளுக்குச் சொல்லிவிடும். ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். ஆனால் ஓட்டை இருக்கிறது என்ற சேதி உடனுக்குடன் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இதற்கு மேல் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று சேர்மன் மேடையிலேயே கேட்டார். கேட்டுவிட்டு அவர் குடித்தது பாட்டில் தண்ணீர்.

இயந்திரத்துக்கு எல்லாச் சத்தமும் தெரிந்துவிடுமா என்ன? தெரியாத சத்தங்களுக்குக் காதால் கேட்டுப் பெயர் வைக்க ஒரு மனுசி வேண்டியிருந்தது. அந்த மனுசிதான் தவமணி.

தவமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆறாவது வார்டு மேல்நிலைத் தொட்டியின் காலடியில் இருந்த வட்டமான அறைதான் அவளுடைய ஆபீஸ். தலைக்கு மேலே எட்டு லட்சம் லிட்டர் தண்ணீர், கீழே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், காதில் ஹெட்ஃபோன். முந்தின நாள் பதிவான சத்தங்கள் மறுநாள் காலை பத்து மணிக்கு வரும். கேட்டுக் கேட்டுப் பெயர் போடுவாள். இயந்திரம் மூன்று வாரமாகக் கசிவு, கசிவு என்று அலறிக்கொண்டிருந்த ஒரு சத்தத்தை, அது கசிவும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, வாசல் தெளிப்பவள் குழாய் வாயைக் கையால் பாதி பொத்திப் பிடிக்கிற சத்தம் என்று ஒரே நிமிடத்தில் சொன்னவள் அவள். இப்படி இதுவரை முப்பத்தோரு சத்தங்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். ஆபத்தில்லாத எதற்கும் ‘வீட்டு உபயோகம்’ என்று போட்டுவிடலாம்.

விதிகள் உண்டு. எந்த வீடு, யார் வீடு என்பது அவளுக்குத் தெரியாது. எண் மட்டும் வரும். எண்ணும் வீடும் சேர்ந்த பட்டியல் தலைநகரத்தில் பூட்டிக் கிடந்தது. மனிதப் பேச்சு ஏதாவது குழாய் வழியே வந்துவிட்டால் உடனே அழித்துவிட வேண்டும். ஊழியர் வீடுகள் இந்தக் கணக்கில் வராது என்று முதல் நாளே உதவிப் பொறியாளர் நூர்தீன் சொல்லியிருந்தார். நல்லவேளை என்று தவமணி நினைத்துக்கொண்டாள். தான் பாத்திரம் கழுவுவதை இன்னொருத்தர் கேட்பது என்ன லட்சணம்?

அம்மா போய் ஆறு வருடமாகிறது. தம்பி மஸ்கட்டில், பொங்கலுக்குப் பேசுவான். தவமணி இருந்தது அதே வார்டின் இன்னொரு கோடியில் ஒரு மாடிப் போர்ஷன். கீழ்வீடு பூட்டியே கிடந்தது, வீட்டுக்காரர் திருப்பூரோடு போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து உள்ளே போனால், மறுநாள் எட்டரைக்கு பஸ் கண்டக்டர் டிக்கெட் கேட்கும்வரை அவளிடம் ஒரு சொல் பேச ஆள் கிடையாது. சாப்பிட்டாயா என்று இந்த உலகத்தில் அவளைக் கேட்கிற ஒரே ஆள் நூர்தீன்தான். தினமும் ஒரு மணிக்கு அறைக்குள் தலையை நீட்டி, “சாப்டீங்களாக்கா?” என்பார். “ஆச்சு சார்” என்பாள். சாப்பிட்டிருந்தாலும் ஆச்சு, சாப்பிடாவிட்டாலும் ஆச்சு. கேட்டதே வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

அப்புறம் நாற்பத்தொன்பது இருந்தது.

எண் நாற்பத்தொன்பது ஆறாவது வார்டில் ஏதோ ஒரு வீடு. இரண்டு வருடமாக அதன் சத்தத்தைத் தவமணி கேட்டு வந்தாள். காலை நாலே முக்காலுக்கு முதல் குழாய். ஒரு குடம், ஒரு வாளி, அவ்வளவுதான். அப்புறம் ஒரே ஒரு டம்ளர் கழுவுகிற சத்தம். பகலெல்லாம் மௌனம், வேலைக்குப் போகிற ஆள். சாயங்காலம் ஒரு தட்டு, ஒரு சட்டி. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கையில் மட்டும் பிழிகிற வேகம் அதிகம், யார் மேலோ கோபம் இருக்கிற மாதிரி. எப்போதாவது குழாய் ஓடுகையில் கூடவே ஒரு முனகல் வரும், பாட்டுமில்லை பேச்சுமில்லை. பேச்சு இல்லாததால் அழிக்க வேண்டியதில்லை என்று தவமணி தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். தனியாக இருக்கிற ஆண் என்று முடிவு கட்டியிருந்தாள். பெண்ணாக இருந்தால் ஒரு தட்டோடு நின்றிருக்காது, அக்கம்பக்கத்துக்கு ஒரு கிண்ணமாவது போய் வந்திருக்கும் என்பது அவளுடைய வாதம். தன் வீட்டிலிருந்து யாருக்கும் கிண்ணம் போய் எத்தனை வருடமாயிற்று என்று யோசித்திருந்தால் அப்படி வாதாடியிருக்க மாட்டாள்.

மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டாள். திரும்பி வந்து பழைய பதிவுகளைப் போட்டால், நாற்பத்தொன்பதும் அந்த மூன்று நாள் பகலில் வீட்டில்தான் இருந்திருந்தது. அவருக்கும் காய்ச்சலாக இருக்கும், ஊரெல்லாம் இதுதானே என்று நினைத்தவளுக்கு மனசு கேட்கவில்லை. யார் கஞ்சி வைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று அன்று முழுக்க அதே யோசனை.

அந்தப் புதன்கிழமை ஆறாவது வார்டுப் பெண்கள் தங்கள் பெட்டிகளையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து நகராட்சிப் படிக்கட்டில் அடுக்கிவிட்டார்கள். எண்பது பெட்டிகள். பதினோரு மணிக்கு இரண்டாம் தடவை தண்ணீர் திறந்ததும் எண்பதும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றோடொன்று சேராமல், அன்பார்ந்த பொதுமக்களே என்று ஆரம்பித்தன. சிரிப்பு வந்திருக்க வேண்டிய காட்சிதான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வார்டில் நாற்பத்தொரு பேர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் நின்ற பாண்டிச்செல்வி இட்லிக்கடை வைத்திருப்பவள். அவளுடைய ஏழு வயது மகள் அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி. அவள் கத்தவில்லை. அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

“காய்ச்சித்தான் குடுக்கேன்” என்றாள். “ஒருநாள் விடாம காய்ச்சித்தான் குடுக்கேன். பொறவு ஏன் எம்புள்ள மஞ்சளாக் கெடக்கா?”

மத்தியானம் நூர்தீன் தொட்டி அறைக்கு வந்தபோது சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துபோனார். தவமணி அதைக் கவனித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்.

“அவங்க பொய் சொல்லலக்கா. பெட்டிக்கும் காது இருக்கு. அடுப்புல தண்ணி கொதிக்கிற சத்தம் அதுக்குத் தெரியும். ஆறாவது வார்டுல நூத்துக்குத் தொண்ணூத்தாறு வீடு காய்ச்சுது. காய்ச்சியும் வருதுன்னா, பெட்டி வச்சுப் பிரயோஜனமில்லைன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை கவுன்சில்ல நான் அதைச் சொல்லப்போறேன். குழாயை மாத்துறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி இருக்காது.”

ஆனால் டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமே. கொதித்த தண்ணீரில் இந்தக் கிருமி பிழைக்காது என்று அவர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் காய்ச்சின பிறகு ஏதோ நடக்கிறது. இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தது: நோய் வந்த வீடுகளிலெல்லாம், தண்ணீர் கொதித்த சில நிமிடங்களில், குழாயில் ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பெயர் இல்லை. குழாய் தானாகவே சாக்கடையை உள்ளே இழுக்கிற உறிஞ்சலாக இருக்கலாம் என்று இயந்திரம் சந்தேகப்பட்டது. தவமணி கேட்டுவிட்டு ‘உறிஞ்சல்’ என்று பெயர் போட்டால் போதும், பழி நேராகக் குழாய் மேல் விழும்.

கிளம்புகையில் நூர்தீன் கதவருகே நின்றார். புதுக் குழாய்கள் பிளாஸ்டிக், அதில் சத்தம் ஓடாது, இந்த அறையை மூடிவிடுவார்கள் என்றார். வரி வசூலில் அவளுக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருப்பதாகவும் சொன்னார். நல்லது சார் என்றாள். நல்லதுதானே. ஊருக்கு நல்ல தண்ணீர் வரும். நாற்பத்தொன்பதுக்கும் வரும். அதற்கப்புறம் அவர் குடம் நிரப்பினாரா, காய்ச்சலில் கிடக்கிறாரா என்பது இவளுக்குத் தெரியவே தெரியாது.

ஹெட்ஃபோனை மாட்டி, ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். குழாய்த் திருகு அரைச் சுற்றுத் திரும்புகிறது. இரண்டு விநாடி தண்ணீர். ‘ணங்’ என்று ஒரு சின்ன ஒலி. மூடல். எல்லா வீட்டிலும் அதேதான். உறிஞ்சல் மாதிரி இல்லை. ஆனால் வேறு என்ன? கேட்ட சத்தம்தான், பழகின சத்தம்தான், பெயர்தான் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. கடைசியில் நாற்பத்தொன்பதைப் போட்டாள். அங்கேயும் இருந்தது. அரைச் சுற்று, இரண்டு விநாடி, ணங்.

நாற்பத்தொன்பது இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அப்படியென்றால் இனிமேல் போகும்.

மறுநாள் வியாழக்கிழமை. தவமணி வழக்கம்போல எழுந்து வாசல் தெளித்து, குளித்து, அடுப்பில் தண்ணீர் வைத்தாள். ஒரு வாரமாக வயிறு சரியில்லை. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. ஊர்க்கவலையில் யார் தன் வயிற்றைப் பார்த்தார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. செம்பில் ஊற்றினாள். ஆவி முகத்தில் அடித்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சுவரில் பெட்டி, வெதுவெதுப்பாகப் பருகவும் என்று இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் கை தன்பாட்டுக்குக் குழாய்க்குப் போனது. அரைச் சுற்று. இரண்டு விநாடி. செம்பு விளிம்பு குழாய் வாயில் இடித்தது.

ணங்.

வாய்வரை போன செம்பு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மூன்று சுற்று உருண்டு சிலிண்டரில் முட்டி நின்றது. தவமணி குழாயைத் திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள். ஐந்து தடவை. அப்புறம் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விளாவல். சத்தத்தின் பெயர் விளாவல்.

குளிக்கிற வெந்நீரில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவருகிறோமே, அதேதான். பிறந்த குழந்தைக்கு விளாவினால்தான் குளியல், பெரியவர்களுக்கு விளாவினால்தான் மாத்திரை. கருங்காலூரில் எந்தக் கையும் இதைக் கேட்டுச் செய்வதில்லை, கையே செய்துவிடும். வீட்டுக்கு வீடு தண்ணீரைக் குமுறக் குமுறக் காய்ச்சிவிட்டு, பிறகு அரை டம்ளர் சாக்கடையை ஊற்றிப் பதமாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சினீர்களா என்று கேட்டால் சாமி மேல் சத்தியமாகக் காய்ச்சினோம் என்பார்கள். அது பொய்யும் இல்லை.

தொட்டி அறையில் நூர்தீன் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாக, கெஞ்சுகிற குரலில் ஆரம்பித்தார்.

“அக்கா, இதை நாளைச் சாயங்காலம்வரைக்கும் வச்சிருங்க. கவுன்சில் முடியட்டும். உறிஞ்சல்னே போடுங்க. நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரியப்போறதில்ல.”

“நாளைக்குக் காலையிலயும் விளாவுவாங்களே சார்.”

“ஒருநாள்தானே. விளாவல்னு போட்டா சேர்மன் என்ன சொல்வார் தெரியுமா? குழாய்ல தப்பே இல்ல, ஜனங்களுக்குத்தான் தண்ணி குடிக்கத் தெரியலன்னுருவார். அப்புறம் இன்னொரு நூறு வருசத்துக்கு இதே குழாய்தான்க்கா.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. தவமணி ஹெட்ஃபோனின் ஒயரைச் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் இருந்தாள். பொய்யான பெயர் போட்டால் இரண்டு வருடத்தில் ஊருக்கு நல்ல தண்ணீர். உண்மையான பெயர் போட்டால் இன்று சாயங்காலமே நாற்பத்தொன்பதின் செம்புக்குக் காவல். ஆனால் உண்மையைச் சொன்னால் குழாய் இரும்பாகவே இருக்கும், அறை திறந்தே இருக்கும், நாற்பத்தொன்பதும் தினமும் வரும். அதற்காகத்தான் உண்மை பேசத் துடிக்கிறேனா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்று சத்தியம் பண்ண அவளுக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள். “பெட்டி வெதுவெதுப்பாகக் குடின்னு சொல்லுது சார். காலையில பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல, நம்ம ஊர்ல தண்ணிய வேற எப்படி வெதுவெதுப்பாக்குவாங்க?”

நூர்தீனின் முகம் செத்துப்போயிற்று.

“அந்த வாக்கியத்தை எழுதினது நான்தான்க்கா” என்றார். “காய்ச்சல் வந்தா எங்கம்மா அப்படித்தான் சொல்லும். வெதுவெதுன்னு குடிடான்னு. நல்லாயிருக்கேன்னு போட்டேன்.”

அவரே கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். தவமணி முப்பத்திரண்டாவது சத்தத்துக்கு நேரே விளாவல் என்று அடித்தாள். சாயங்காலத் தண்ணீருக்குள், படிக்கட்டில் கிடந்த எண்பதும் அவரவர் சுவருக்குத் திரும்பி, பெட்டியின் பேச்சும் மாறிவிட்டது: காய்ச்சிய நீரில் பச்சைத் தண்ணீரை விளாவ வேண்டாம், தானாக ஆறட்டும். தன் வீட்டுப் பெட்டி அதைச் சொன்னபோது, இதே நேரம் நாற்பத்தொன்பதும் கேட்டுக்கொண்டிருக்கும் என்று தவமணி நினைத்துக்கொண்டாள். செம்பை மூடி வைத்துவிட்டு, ஆறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் பாண்டிச்செல்வி நின்றிருந்தாள், கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பிளாஸ்க். தவமணியைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தாள்.

“நீங்க தொட்டியில வேல பாக்கிறவங்கதானே. பெட்டி சொல்லுதே, நெசமா?”

தவமணி தலையசைத்தாள்.

“அப்பம் எங்கையாலதான் ஊத்துனேனா? எம்புள்ளைக்கு நான்தான் ஊத்துனேனா?”

எதைச் சொல்வது? குழாய் மேல் தப்பு, நகராட்சி மேல் தப்பு, ஒரு வாக்கியத்தின் மேல் தப்பு. “நானும் அப்படித்தான் ஊத்திக் குடிச்சேன்” என்றாள். பாண்டிச்செல்வி பிளாஸ்கைத் திறந்து, அந்த வெந்நீரை ரோட்டோரமாகக் கவிழ்த்துவிட்டு, பஸ் ஏறாமல் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தாள். மறுபடி காய்ச்சப் போகிறாள் என்று தவமணிக்குப் புரிந்தது.

பத்து மணிக்கு வியாழக்கிழமைச் சத்தங்கள் வந்தன. அந்நேரம் நகராட்சி மண்டபத்தில் கவுன்சில் கூடிக்கொண்டிருந்தது. தவமணி வேறெதையும் தொடவில்லை, நேராக நாற்பத்தொன்பதைத்தான் போட்டாள். புதுப் பேச்சைக் கேட்டாரா, சாயங்காலம் விளாவாமல் குடித்தாரா, அது தெரிந்தால் போதும்.

நாலே முக்காலுக்கு முதல் குழாய். குடம். வாளி. அப்புறம் தண்ணீர் கொதித்து ஓய்ந்த நேரம். அரைச் சுற்று, இரண்டு விநாடி, ணங்.

பிறகு ஏதோ ஒன்று தடாலென்று விழுந்தது. உருண்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. எதிலோ முட்டி நின்றது.

குழாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது.

தவமணி எண்ணவில்லை. ஐந்து தடவை என்று அவளுக்குத் தெரியும்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். மூளை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஊழியர் வீடு கணக்கில் வராது, சரிதான். ஆனால் அவள் இருப்பது வாடகை வீடு. இணைப்பு திருப்பூரில் இருக்கிற வீட்டுக்காரர் பேரில். நகராட்சிக்கு அங்கே ஊழியர் யாரும் இல்லை. பகலெல்லாம் மௌனம், வேலைக்குப் போகிற ஆள். மார்கழிக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமைக் கோபம். ஒரு தட்டு. இரண்டு வருடமாக அவள் பரிதாபப்பட்டது, பாசம் வைத்தது, கஞ்சிக்கு யார் இருக்கிறார்கள் என்று தவித்தது எல்லாம் தன் வீட்டுக் குழாயைக் கேட்டுத்தான். அந்தப் பக்கம் யாருமே இருந்ததில்லை.

அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. யாருக்காக என்று தெரியாததால் அழுகையும் வரவில்லை.

மத்தியானம் நூர்தீன் வந்து நடந்ததைச் சொன்னார். அவர் பயந்தது ஒரு சொல் பிசகாமல் நடந்திருந்தது. குழாய் குற்றமற்றது என்று தீர்மானம். பெட்டிகளுக்குக் கூடுதலாக ஒரு வாக்கியம். பொதுமக்களுக்கு விழிப்புணர்வு முகாம். இவர் எழுந்து, தவறான வாக்கியத்தை எழுதியது நான், ஜனங்கள் அல்ல என்று சொல்லியிருக்கிறார். அதையும் தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரமே மாற்றல் உத்தரவு வந்தது, எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஓர் ஊருக்கு.

விளாவல் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வருகிறவர்கள் குறைந்து, மாதக் கடைசியில் யாருமே இல்லை என்றானது. பாண்டிச்செல்வியின் மகள் பிழைத்துக்கொண்டாள். தவமணியும் தனக்கு வந்த காமாலைக்குப் பச்சிலை, பத்தியம் என்று ஒருவழியாகத் தேறினாள். குழாய்கள் இருந்த இடத்திலேயே இற்றுக்கொண்டிருந்தன. இருநூற்று நாற்பதாம் நாளும் பெட்டி பேசியது.

போகிற அன்று நூர்தீன் கதவில் தலையை நீட்டி, “சாப்டீங்களாக்கா?” என்றார். “ஆச்சு சார்” என்றாள். புதிதாக வந்த பொறியாளர் நல்ல மனிதர்தான். ஆனால் தொட்டி அறைப் பக்கம் வரமாட்டார், எதுவானாலும் மெசேஜில் அனுப்பிவிடுவார்.

பத்துப் பதினைந்து நாள் தவமணி நாற்பத்தொன்பதைப் போடவே இல்லை. வருகிற சத்தங்களில் அந்த எண்ணைக் கண்டால் கேளாமலே தள்ளிவிடுவாள். வீட்டிலும் குழாயை மெதுவாகத் திறந்தாள், செம்பை ஓசைப்படாமல் வைத்தாள், முனகலை நிறுத்தினாள். இரண்டு பக்கமும் ஆள் இல்லாத மாதிரி ஆகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை தண்ணீரை ஆற வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றிருந்தாள். கீழ்வீட்டில் யாருமில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போய் அடங்கியது. என்ன தோன்றியதோ, குனிந்து, குழாய் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

“தவமணி” என்றாள். “சாப்டியா?”

மறுநாள் பத்து மணிக்கு அது வந்தது. அடையாளம் தெரியாத சத்தம், எண் நாற்பத்தொன்பது, பெயர் இடவும் என்று திரை கேட்டது. தவமணி ஹெட்ஃபோனை மாட்டினாள். நூற்றுப்பத்து வருட இரும்பில் நடந்து வந்த குரல் கரகரத்திருந்தது. யாரோ ஒருத்தி, நல்ல மனசுக்காரி, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். தவமணி மறுபடி ஒருதரம் போட்டுக் கேட்டாள். மனிதப் பேச்சு வந்தால் அழிக்க வேண்டும் என்பது விதி. அழிக்கிற பொத்தான் மேல் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைத் தாண்டிப்போய், ‘வீட்டு உபயோகம்’ என்று அடித்துச் சேமித்தாள்.

“இல்ல, இனிமேத்தான்” என்று பதில் சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள்.